மதுரைப் பக்கம் சிஎன்ஜி: வண்டிக்கு நாலு ஸ்டார், பங்க்குக்கு ரெண்டரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிஎன்ஜி, அதாவது அமுக்கி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடுகிற லோடு வண்டி எடுக்கலாமா என்றால் எடுக்கலாம். ஆனால் உங்கள் லைனில் எந்த பங்க் இருக்கிறது, அந்த பங்க்குக்கு கேஸ் எப்படி வந்து சேருகிறது என்று விசாரித்துவிட்டு எடுங்கள். ஷோரூமில் மைலேஜ் சொல்வார்கள், லோன் சொல்வார்கள், சீட் கவர் இலவசம் என்பார்கள், இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு அப்பளம், வத்தல், கொஞ்சம் மசாலாப் பொடி வியாபாரம். ஜெய்ஹிந்த்புரத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பக்கம் திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வரைக்கும் லைன், இன்னொரு பக்கம் திருமங்கலம், விருதுநகர். அப்பளம் எடை இல்லாத சரக்கு, இடத்தைத்தான் அடைக்கும், அதனால் பெரிய இழுவை சக்தி தேவையில்லை, டீசல் வண்டியை விற்றுவிட்டு சின்ன சிஎன்ஜி லோடு வண்டி எடுத்ததற்கு அதுதான் காரணம். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாக் கம்பெனியின் சின்ன வண்டியிலும் இப்போது கேஸ் மாடல் இருக்கிறது, ஓட்டியவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வண்டியைப் பற்றிக் குறை பெரிதாக இல்லை. என்ஜின் சத்தம் குறைவு. டீசல் வண்டியில் ராமநாதபுரம் போய்த் திரும்பினால் மறுநாள் காலை வரை காதில் ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், அது போயே போய்விட்டது. ஆயில் சீக்கிரம் கறுப்பதில்லை. செலவுக் கணக்கு இப்படி: ஒரு கிலோ சிஎன்ஜியில் இருக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், கிலோ விலை பெட்ரோல் லிட்டர் விலையைவிடக் கொஞ்சம் குறைவு, ஆக மிச்சம் எங்கே வருகிறது என்று உங்களுக்கே புரியும். ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும், பெட்ரோலில் ஓடும்போது இருக்கிற சக்தியில் ஒரு பங்கு கேஸில் குறையத்தான் செய்யும். எங்கள் லைனெல்லாம் தரை ரோடு, பாலம் ஏறுவதுதான் பெரிய ஏற்றம், அதனால் பிரச்சினை இல்லை. கொடைக்கானல், போடிமெட்டு என்று மலை ஏறுகிறவர்கள் முழு லோடு வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவசரத்துக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் டேங்க் ஒன்று இருக்கிறது, அதை நம்பி ஊர் போய்ச் சேரலாம், வியாபாரம் பண்ண முடியாது.

பயம் பற்றிக் கேட்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இது வீட்டு சிலிண்டர் கேஸ் மாதிரி இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன், காற்றைவிட லேசு, திறந்த இடத்தில் கசிந்தால் மேலே போய்விடும். ஆனால் சிலிண்டருக்குள் இருப்பது 200 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது) செய்து தகட்டில் தேதி அடித்திருக்க வேண்டும், அது இல்லாமல் ஒழுங்கான பங்க்கில் கேஸ் போட மாட்டார்கள். போடக் கூடாது. தெரிந்த பையன் என்று சொல்லிப் போடச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது நாம்தான்.

சரி, பங்க்குக்கு வருவோம், ரெண்டரை ஸ்டார் அங்கேதான் போனது.

நான் மாறி மாறி அடிப்பது இரண்டு பங்க்குகளில். பேர் சொல்லவில்லை, சொன்னால் அங்கே வேலை பார்க்கிற பையன்களுக்குத்தான் திட்டு விழும், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒன்று ஊருக்கு வெளியே பெரிய ரோட்டில், அங்கே குழாய் நேராக வருகிறது. இன்னொன்று என் கிட்டங்கிக்குப் பக்கம், அங்கே கேஸ் லாரியில் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதே போர்டு, அதே மெஷின், அதே விலை. அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

குழாய் வருகிற பங்க்கில் கம்ப்ரஸர் இருக்கிறது. குழாயில் வருகிற கேஸை அங்கேயே அமுக்கி வண்டிக்கு ஏற்றுகிறார்கள். 200 பார் வரைக்கும் முள் ஏறும், சிலிண்டர் நிறையும், சில நிமிடத்தில் வேலை முடிந்தது. இந்த மாதிரிப் பெரிய இடத்தைத்தான் மதர் ஸ்டேஷன் என்கிறார்கள், அங்கிருந்துதான் லாரிக்கும் கேஸ் ஏற்றுகிறார்கள். லாரி மேல் சிலிண்டர்களை அடுக்கிக் கட்டி, அதில் 250 பார் அளவுக்கு ஏற்றி, டாட்டர் ஸ்டேஷன் எனப்படுகிற மற்ற பங்க்குகளுக்கு அனுப்புவார்கள். அந்த லாரி வந்து நின்றவுடன் முதலில் வருகிற பத்துப் பதினைந்து வண்டிகளுக்கு யோகம், நன்றாக ஏறும். அப்புறம் லாரி சிலிண்டரில் அழுத்தம் இறங்க இறங்க, மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் கீழே குழாயில் நூலாக வருமே, அந்தக் கதைதான். பூஸ்டர் என்று ஒரு மெஷின் வைத்திருக்கிற பங்க்கில் கடைசி வரை ஓரளவு தள்ளிவிடுவார்கள், இல்லாத இடத்தில் அதுவும் இல்லை.

இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்றால், விலையில் ஏமாற்று எதுவும் இல்லை, கேஸ் கிலோ கணக்கில்தான் விற்கிறார்கள், ஏறின கிலோவுக்குத்தான் காசு. நஷ்டம் தூரத்தில். 60 லிட்டர் சிலிண்டர் என்றால் முழு அழுத்தத்தில் ஒன்பது, பத்து கிலோ பிடிக்கும். 120 பாரில் நின்றுவிட்டால் ஆறு கிலோ தேறுவதே பெரிது. பரமக்குடி போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போட்டவன் மானாமதுரையில் அடுத்த பங்க்கைத் தேட வேண்டியிருக்கும். "அண்ணே, பிரஷர் நூத்தி இருவதுதான் இருக்கு, போட்டுக்கிறீங்களா, இல்ல லாரி வர்ற வரைக்கும் நிக்கிறீங்களா?" என்று பையன் கேட்பான். லாரி எப்போ வரும் தம்பி என்றால், "கெளம்பிருச்சுன்னு சொன்னாங்கண்ணே" என்பான். எங்கே இருந்து கிளம்பியது என்று கேட்கக் கூடாது.

நிற்கிற ஆட்டோக்காரர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். எனக்காவது சாயங்காலத்துக்குள் சரக்கு இறங்கினால் போதும். மாட்டுத்தாவணி, பெரியார் பக்கம் சவாரி ஓட்டுகிறவருக்கு வரிசையில் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் சவாரி போன நேரம்.

வெயிலும் ஒரு காரணம். கேஸை வேகமாக ஏற்றும்போதே சிலிண்டர் சூடாகும், அதோடு சித்திரை மாதத்து மத்தியான வெயிலும் சேர்ந்தால், முள் 200 காட்டும், ஆனால் உள்ளே எடை குறைவாக இருக்கும். வண்டி ஆறியதும் பார்த்தால் முள் இறங்கியிருக்கும். கேஸ் எங்கேயும் போகவில்லை, சூட்டில் விரிந்து நின்றது, அவ்வளவுதான். அதனால் விடிகாலையில் அல்லது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அடிப்பது நல்லது. ஆட்டோ ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மட்டும் போய்விடாதீர்கள்.

இப்போது பெரிய கேள்வி. எங்கள் லைன் முடிகிற ராமநாதபுரத்திலேயே மண்ணுக்கடியில் கேஸ் இருக்கிறது. காவிரிப் படுகை என்று சொல்கிறார்களே, அதன் தெற்குப் பகுதி அது, மத்திய அரசின் எண்ணெய்க் கம்பெனியான ஓஎன்ஜிசி பல வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த கேஸை வைத்துத்தான் வழுதூரில் மின்வாரியம் கரண்ட் எடுக்கிறது. ராமேஸ்வரம் போகிற ரோட்டில் அந்தப் பக்கம் நானும் சரக்குப் போடுகிறேன். கேஸ் எடுக்கிற ஊருக்குப் போய்வர கேஸ் வண்டி எடுத்தவன் கேஸ் இல்லாமல் வரிசையில் நிற்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

விஷயம் என்னவென்றால், கேஸ் இருப்பது ஒன்று, அதைக் கொண்டுபோகிற குழாய் இருப்பது வேறு. ராமநாதபுரத்து கேஸ் ரொம்ப காலம் அங்கேயே ஒரு சின்ன வலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, வெளியே போக வழி இல்லை. 2021 பிப்ரவரி 17-ஆம் தேதிதான் ராமநாதபுரம் - தூத்துக்குடி குழாயைப் பிரதமர் தொடங்கிவைத்தார், 143 கிலோமீட்டர், சுமார் 700 கோடி ரூபாய் செலவு. அதற்குப் பிறகு தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கிற ஒரு திரவம்) விட்டு கேஸுக்கு மாறியது. அந்தத் துண்டு எண்ணூரிலிருந்து வருகிற பெரிய திட்டத்தின் ஒரு பகுதி. அந்தத் திட்டத்தின் முழுப் பெயர் எண்ணூர் - திருவள்ளூர் - பெங்களூரு - புதுச்சேரி - நாகப்பட்டினம் - மதுரை - தூத்துக்குடி. நீளம் 1,400 கிலோமீட்டருக்கு மேல். பெயரில் மதுரை இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், பேருக்கும் கேஸுக்கும் நடுவில் பல வருட வேலை.

எண்ணூர்க் கதை இன்னொன்று. அங்கே 2019-இல் திறந்த முனையத்துக்குக் கப்பலில் கேஸ் வருகிறது, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கினால் 600 பங்கு இடத்தில் இருந்தது ஒரு பங்கில் அடங்கும், அப்படித்தான் கடல் தாண்டி வர முடிகிறது. வருடத்துக்கு 50 லட்சம் டன் கையாளலாம் என்று கட்டினார்கள். ஆனால் முனையம் தயாரான வேகத்தில் குழாய் தெற்கே வரவில்லை, அதனால் பல வருடம் அதன் பெரும்பகுதி சும்மாவே கிடந்தது. வடக்கே கேஸ் இறக்க இடம் இருந்தது, தெற்கே தோண்டி எடுக்கிற கேஸ் இருந்தது, நடுவில் வழி இல்லை.

குழாயில் எவ்வளவு போகும் என்பது நாம் நினைக்கிற மாதிரி நேர்க்கணக்கு இல்லை என்று ஒரு குழாய் கான்ட்ராக்ட் ஆள் டீக்கடையில் விளக்கினார், கேட்கச் சுவையாக இருந்தது. குழாயின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் போகிற கேஸ் இரண்டு மடங்காகாது, ஐந்து மடங்குக்கு மேல் போகும். அதனால் போடும்போதே கொஞ்சம் பெரிதாகப் போட்டால் பிற்காலத்துக்கு நல்லது, ஆனால் அன்றைக்குக் காசு அதிகம், அதனால் யாரும் போட மாட்டார்கள். போட்டு முடித்த பிறகு கூட்ட வேண்டுமென்றால் இரண்டு வழி. பக்கத்திலேயே இன்னொரு குழாய் போடுவது, அல்லது வழியில் கம்ப்ரஸர் வைத்து அழுத்தத்தைத் தூக்கிவிடுவது. நீளமான குழாயில் போகப் போக உராய்வில் அழுத்தம் விழும், நடுவில் ஒரு தள்ளு கொடுத்தால் அதே குழாயிலேயே கூடுதலாகப் போகும். கம்ப்ரஸர் வழி சீக்கிரம் முடியும், புதிதாக யார் நிலத்திலும் தோண்ட வேண்டாம்.

இது நம்மூர்க் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மேற்கே பெர்மியன் படுகையில் எண்ணெய் எடுக்கும்போது கூடவே கேஸ் வருகிறது. எண்ணெய்க்குக் காசு, அதனால் கிணற்றை நிறுத்த மாட்டார்கள், கூட வருகிற கேஸைக் கொண்டுபோகக் குழாய் போதவில்லை. 2024-இல் அங்கே வாஹா என்கிற சந்தையில் கேஸ் விலை பல நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது, அதாவது காசு கொடுத்து "எடுத்துக்கோப்பா" என்கிற நிலை. அங்கேயும் இதே இரண்டு வழிதான். 2023 கடைசியில் பெர்மியன் ஹைவே என்ற குழாயில் கம்ப்ரஸர் சேர்த்தே ஒரு நாளைக்கு 55 கோடி கன அடி கூட்டினார்கள். 2024-இன் பிற்பாதியில் மேட்டர்ஹார்ன் என்ற புதுக் குழாய் வந்தது, ஒரு நாளைக்கு 250 கோடி கன அடி, அதாவது இந்தியா முழுவதும் ஒரு நாளில் எரிக்கிற கேஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரே குழாயில். அது வந்த பிறகும் 2025-இல் மறுபடி விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. அங்கே கேஸ் தள்ள இடமில்லை, இங்கே நான் 120 பாரில் நிற்கிறேன். இரண்டு ஊரிலும் கேஸ் தட்டுப்பாடு இல்லை, வழித் தட்டுப்பாடு.

இங்கே இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் பங்க்கை மட்டும் திட்டினால் அது நியாயம் இல்லை. குழாய் யார் நிலத்தில் போகிறது? 1962-ஆம் வருடச் சட்டப்படி நிலத்தை வாங்குவதில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுப்பார்கள், அதற்கு நிலத்தின் சந்தை விலையில் 10 சதவீதம், அப்புறம் பயிர், மரச் சேதத்துக்குத் தனியாக. பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும், ஆனால் குழாய் மேல் வீடு கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, மரம் வைக்க முடியாது. ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் போய் இதை நல்ல திட்டம் என்று சொல்லிப் பாருங்கள். கொங்குப் பக்கம் மத்திய அரசின் கேஸ் கம்பெனியான கெயில் போட வந்த குழாயை எதிர்த்து விவசாயிகள் வருடக்கணக்கில் போராடியதும், உச்ச நீதிமன்றம் வரை போய் 2016 பிப்ரவரியில் தீர்ப்பு வந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2014-இல் ஆந்திராவில் நகரம் என்கிற பெயருள்ள கிராமத்தில் கேஸ் குழாய் வெடித்துப் பலர் செத்ததை டிவியில் பார்த்தவர்களுக்குப் பயம் வராமல் இருக்குமா? 2017-இல் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயில் கசிவு, அதே வருடம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், கேஸ்) எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம். கிணறு தோண்டுவதும் அப்படித்தான், ராமநாதபுரத்தில் புதிதாக 20 சோதனைக் கிணறுகளுக்கு 2025-இல் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசே. கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிற பூமி அது. என் வண்டிக்கு கேஸ் வேண்டும் என்பதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கருத்து, இருக்கிற குழாயில் கம்ப்ரஸர் வைத்துக் கூட்டுவது முதலில், ரோட்டோரமாகப் போடுவது அடுத்து, வயலுக்குள் இறங்குவது கடைசியில்.

விலையில் வருகிற ஏற்றத்தாழ்வுக்கும் இதில் ஒரு கை இருக்கிறது. உள்நாட்டில் கேஸ் எடுக்கிற பழைய இடங்களின் (கேஸ் வயல் என்பார்கள்) கேஸுக்கு விலை, 2023 ஏப்ரலில் இருந்து கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம், ஆனால் ஒரு உச்சவரம்புக்கு மேல் போகாது என்று கட்டுப்பாடு. வண்டிக்கும் வீட்டுக் குழாய்க்கும் இந்த மலிவு கேஸில் முன்னுரிமை உண்டு. 2024 கடைசியில் அந்த ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள், பழைய வயல்களில் வரத்து குறைந்துகொண்டே போவதால். மிச்சத்துக்கு விலை கூடின கேஸைத்தான் வாங்க வேண்டும், அதில் கப்பலில் வருவதும் உண்டு. நாடு முழுக்கப் பார்த்தால் எரிக்கிற கேஸில் ஏறக்குறைய பாதி இப்போதே இறக்குமதி. ஜிஎஸ்டியும் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் வாட். ஆக சிஎன்ஜி எப்போதும் மலிவாகவே இருக்கும் என்று லோன் கணக்குப் போடாதீர்கள். பெட்ரோலைவிட மலிவாக இருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வீட்டுக்குக் குழாய் கேஸ் பற்றிச் சிலர் கேட்டார்கள். எங்கள் தெருவில் வரவில்லை, வந்தால் எழுதுகிறேன். முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டிய பள்ளத்தை மூடின சூடு ஆறுவதற்குள் இன்னொரு தோண்டலா என்று தெருவே நிற்கிறது, என் வீட்டம்மா உட்பட.

பங்க்குக்குத் திரும்புகிறேன். சேவையில் நல்லதும் இருக்கிறது. பையன்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், கேஸ் ஏற்றும்போது எல்லோரையும் இறங்கச் சொல்கிறார்கள், சிலிண்டர் தகட்டைப் பார்க்கிறார்கள், சில்லறைத் தகராறு இல்லை. குடிக்கத் தண்ணீர் உண்டு, கழிப்பறை இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். நிர்வாகத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். லாரி எப்போது வரும், இப்போது அழுத்தம் எவ்வளவு என்று ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி ஒரு போர்டு வையுங்கள். சாக்பீஸால் எழுதினாலும் போதும். விலையைப் பெரிய எழுத்தில் போடத் தெரிகிறது, இதையும் போடலாம். உள்ளே வந்து வரிசையில் நின்று, முறை வரும்போது "பிரஷர் இல்லண்ணே" என்று கேட்பதுதான் எரிச்சல்.

வண்டி எடுக்கப் போகிறவர்கள் பங்க்கில் போய் "கேஸ் லைனில் வருதா, லாரியில் வருதா, பூஸ்டர் இருக்கா" என்று கேளுங்கள், பையன்கள் மறைக்காமல் சொல்வார்கள். ஒருநாள் சாயங்காலம் அரை மணி நேரம் சும்மா நின்று வரிசையைப் பாருங்கள். போகிற லைனில் குழாய் பங்க் ஒன்றாவது இருக்கிறதா, அதற்கும் உங்கள் கிட்டங்கிக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள், தினமும் சுற்றிப் போகிற தூரத்திலேயே மிச்சம் கரைந்துவிடும்.

என் மச்சானும் இதே மாதிரி வண்டி எடுக்க நிற்கிறான். அவன் லைன் உசிலம்பட்டி, தேனி, போடி, கம்பம், ஏலக்காய்க் கடைகளுக்கு அட்டைப்பெட்டி போடுகிறான், லோடும் கனம், ஏற்றமும் உண்டு, போகிற வழியில் அவன் விசாரித்த பங்க் எல்லாமே லாரி பங்க். இப்போதைக்கு டீசலையே எடுடா என்று சொல்லிவிட்டேன்.